மகள் கடவுளைத் திட்டிக் கவிதை எழுதுகிறாள்

பினாங்கு பெருநிலப் பகுதியிலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம், கையெழுத்தில். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் முறை. ஒரே மகளுக்கு 15 வயது. படிவம் 3 படிக்கிறாள். கூடவே வாழ்ந்த பாட்டி, அதாவது இவருடைய அம்மா, எட்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். பேத்தியும் பாட்டியும் ஒரே அறையில் படுப்பார்கள். காரியத்தன்று அந்தப் பெண் அழவில்லை. “நல்ல தைரியசாலி” என்று எல்லாரும் பாராட்டினார்களாம். அப்புறம் பேச்சு குறைந்தது. பூப்பந்து விளையாடப் போவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். இரவு இரண்டு மணிக்கும் அறையில் விளக்கு எரிகிறது.

இரண்டு வாரத்துக்கு முன் மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்திருக்கிறது. முழுக்கக் கவிதைகள். பாட்டியின் பிரம்பு நாற்காலியைப் பற்றி ஒன்று. தண்ணீர்மலை முருகனைத் திட்டி ஒன்று: வருஷா வருஷம் பால்குடம் எடுத்தவளை இப்படி எடுத்துக்கொண்டாயே என்று. கடைசிப் பக்கத்தில், நாளைக்கு என்னை எழுப்ப வேண்டாம் என்று ஒன்று. அம்மா படித்துவிட்டு அழுதிருக்கிறார். எரித்துவிடலாம், வீட்டுக்கு ஆகாது என்றிருக்கிறார். அப்பா எரிக்கவில்லை, அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மகள் நோட்டைத் தேடுகிறாள். ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை.

இந்த அப்பா சிறு வயதில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் மனனப் போட்டியில் பரிசு வாங்கியவர். “குறள்தான் என்னை மனுஷனாக்கியது” என்கிறார். மகள் எதிர்த்துப் பேசினாலோ பொய் சொன்னாலோ ஒரு குறளைப் பத்து தடவை எழுத வைப்பாராம். அவர் கேட்பது இவைதான்: கவிதை எழுதுவதால்தான் மகளுக்கு மனம் கெட்டுப்போகிறதா? நல்லொழுக்கமும் தன்னம்பிக்கையும் தரும் பாடல்களின் பட்டியல் கிடைக்குமா? பள்ளி ஆலோசகரிடமோ டாக்டரிடமோ போனால் போலீஸ், பதிவு என்று பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடுமா? கடைசியில் இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கடைசியிலேயே பார்க்கலாம்.

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகச் சுருக்கமாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன், இது அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் என்பதால். இங்கே எழுதுவது அதன் விரிவு. இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதற்காகவும் எழுதுகிறேன். 2022இல் மலேசியச் சுகாதார அமைச்சு பதின்ம வயதினரிடம் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தது. உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அவமானம் என்று இதை நினைக்காதீர்கள்.

நோட்டின் நான்கு பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருந்தீர்கள். அந்த வரிகள் எதையும் நான் இங்கே போடவில்லை. அவை உங்கள் மகளுடையவை. எனக்கும் அவற்றைக் காட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பயத்தில் செய்தீர்கள் என்று புரிகிறது.

முதலில் அந்தக் கடைசிப் பக்கம்

“நாளைக்கு எழுப்ப வேண்டாம்” என்பதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். பள்ளிக்குப் போகப் பிடிக்காத, தூக்கம் கெட்ட பிள்ளையின் அலுப்பாக இருக்கலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணமாகவும் இருக்கலாம். எது என்று நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்து நீங்களோ நானோ கண்டுபிடிக்க முடியாது. அவளிடம்தான் கேட்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். “அம்மாடி, செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அது தவறான பயம். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. பல பிள்ளைகளுக்கு அப்பாடா என்றுதான் இருக்கும். இல்லை என்று சொன்னால் நம்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்தாளா என்று மெதுவாகக் கேளுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். பாட்டியின் சர்க்கரை மாத்திரைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பேச ஆள் வேண்டுமானால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929. ஆபத்து கண் முன்னால் இருந்தால் 999.

தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் மாதக்கணக்கில் குறைந்திருக்கின்றன. கவிதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது ஒன்றே அவளை ஒரு நிபுணரிடம் காட்டப் போதுமான காரணம்.

கவிதை நோயா, மருந்தா?

நீங்கள் அவள் கவிதைகளில் ‘சாவு’, ‘இருட்டு’, ‘கண்ணீர்’ எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணிக் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தீர்கள். இப்படி எண்ணிப் பார்த்தவர்கள் உலகத்தில் வேறு சிலரும் உண்டு. 2001இல் ஸ்டர்மன், பென்னபேக்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள், தற்கொலை செய்துகொண்ட ஒன்பது கவிஞர்களின் கவிதைகளையும் அப்படிச் செய்துகொள்ளாத ஒன்பது கவிஞர்களின் கவிதைகளையும், மொத்தம் 300 அளவில், கணினியில் போட்டு ஒப்பிட்டார்கள். மரணத்தைக் குறிக்கும் சொற்கள் முதல் கூட்டத்தாரிடம் கூடுதல்தான். ஆனால் சோகம், கோபம் போன்ற உணர்ச்சிச் சொற்களில் பெரிய வித்தியாசம் இல்லை. தெளிவாகத் தெரிந்த வித்தியாசம் ‘நான்’ என்ற சொல்லில். முதல் கூட்டத்தார் ‘நான்’, ‘என்’ என்று அதிகம் எழுதினார்கள். ‘நாம்’ குறைவு. பேசுவது, கேட்பது, பகிர்வது சார்ந்த சொற்களும் முடிவு நெருங்க நெருங்கக் குறைந்தன.

இதைச் சொன்னதும் நீங்கள் நோட்டை எடுத்து ‘நான்’களை எண்ண ஆரம்பித்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது! வேண்டாம். பதினெட்டுப் பேரை வைத்துச் செய்த ஆய்வைக் கொண்டு ஒரு பிள்ளையை எடைபோட முடியாது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். சோகமாக எழுதுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. மற்றவர்களோடு பேச்சு அறுந்துபோவதைத்தான் கவனிக்க வேண்டும். நோட்டைப் பூட்டி வைத்ததால் மிச்சமிருந்த ஒரு பேச்சும் அறுந்திருக்கிறது.

எழுதி முடித்ததும் அவள் அழுகிறாள், அதனால் எழுத்துதான் காரணம் என்கிறீர்கள். அதே பென்னபேக்கர் 1986இல் கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த விஷயத்தைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் மனத்தில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதிய உடனே மனம் முன்பைவிடக் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. ஆக, எழுதியபின் வரும் அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். காரியத்தன்று வராத அழுகை இப்போது வருகிறதே, அதையும் யோசியுங்கள்.

எழுத்து எல்லாருக்கும் எப்போதும் நல்லதே செய்யும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே புண்ணை ஒரே விதமாகத் தினமும் கீறிக்கொண்டிருக்கும் எழுத்தும் உண்டு. ஆனால் அவள் ஒரு பக்கத்தில் நாற்காலியைப் பார்க்கிறாள், இன்னொன்றில் முருகனோடு சண்டை போடுகிறாள், வேறொன்றில் பாட்டி வைக்கும் ரசத்தின் மணம் வருகிறது. ஒரே இடத்தில் சுற்றும் மனம் இப்படி எழுதாது என்பது என் அனுபவம். (என் அனுபவம்தான், பரிசோதனைச் சாலையில் நிரூபித்ததல்ல.)

நாட்குறிப்பில் இல்லாத ஒரு வசதி கவிதையில் இருக்கிறது. தன் துக்கத்தை ஒரு நாற்காலியிடம் கொடுத்துவிட்டு, தான் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அகப்பாடலில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்தது. தலைவிக்குப் பெயர் கிடையாது. அவள் நெஞ்சில் இருப்பதைக் கடலும் புன்னையும் நாரையும் சுமக்கும். அதனால்தான் அந்தப் பாட்டு யாருக்கும் பொருந்துகிறது, யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை. உங்கள் மகளின் கவிதையில் வரும் ‘நான்’ முழுக்க அவள்தான் என்று வாக்குமூலம்போல் படித்துவிட்டீர்கள். பாதி அவளாக இருக்கலாம். மீதி எது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கடவுளைத் திட்டலாமா?

இது உங்கள் மனைவிக்கு. அம்மா, பிள்ளை சாமியைத் திட்டிவிட்டாள் என்று நீங்கள் உடைந்துபோனதாக உங்கள் கணவர் எழுதியிருக்கிறார். நீங்கள் தேவாரம் பாடுகிறவர் என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் சுந்தரரை நினைத்துப் பாருங்கள். கண் பார்வை போன நிலையில் திருவாரூர் இறைவனிடம் அவர் என்ன பாடினார்? “வாழ்ந்து போதீரே” என்றார். நன்றாக இரும் ஐயா, நீர் மட்டும் நன்றாக இரும் என்கிற குத்தல் அது. அதைத் திருமுறையில் வைத்து இன்றுவரை பாடுகிறோம்.

அதற்கும் முந்தியது புறநானூற்றின் 194ஆம் பாட்டு. ஒரு வீட்டில் சாவுப்பறை கேட்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படியொரு உலகத்தைப் படைத்தவனைப் பக்குடுக்கை நன்கணியார் ‘பண்பிலாளன்’ என்கிறார். உங்கள் மகள் முருகனை அந்த அளவுக்குக்கூடத் திட்டவில்லை. திட்டி முடித்த பிறகுதான் புலவர், “இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே” என்கிறார். உலகம் கொடியதுதான், அதன் தன்மை தெரிந்தவர்கள் இனியதைத் தேடிக் காணட்டும் என்கிறார். அந்த ஆறுதல் ஏழு வரிப் பாட்டில் கடைசியில்தான் வருகிறது. உங்கள் மகள் இப்போது நடு வரியில் இருக்கிறாள். அவளைக் கடைசி வரிக்குத் தள்ள வேண்டாம். கோபித்துக்கொள்கிறாள் என்றால் இன்னும் சாமியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பத்து தடவை எழுதும் குறள்

ஐயா, இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். குறள் உங்களை மனிதனாக்கியது என்பதை நான் நம்புகிறேன். ஆனால் உங்களுக்கு அது பரிசாக வந்தது. மேடை, கைதட்டல், ஆசிரியர் தோளில் தட்டிய தட்டு எல்லாம் சேர்ந்து வந்தது. உங்கள் மகளுக்கு அது தண்டனையாக வருகிறது. பிரம்பு இருந்த இடத்தில் குறளை வைத்துவிட்டீர்கள்.

கடைசியாக நீங்கள் எழுத வைத்தது, “ஒழுக்கம் விழுப்பம் தரலான் ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்.” பூஜைக்கு வர மறுத்ததற்காக. உயிரைவிட ஒழுக்கத்தைக் காக்க வேண்டும் என்பது பெரிய வாக்குதான். ஆனால் உயிரே பாரமாகத் தோன்றுகிறதோ என்று நாம் சந்தேகப்படும் ஒரு பிள்ளை, தனி அறையில் உட்கார்ந்து அதைப் பத்து தடவை எழுதும்போது அவள் காதில் என்ன விழுந்திருக்கும்?

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. என் அப்பா இறந்த அன்று, வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேற்றுவதாக “இடுக்கண் வருங்கால் நகுக” என்று ஆரம்பித்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பல வருடம் கழித்து, வேலை போய், கையில் காசில்லாமல் நின்ற ஒரு நாளில் அதே குறள் தானாக ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. குறளில் பிழை இல்லை, நேரம்தான் தப்பு.

நம் தமிழ்ப்பள்ளிகளில் ஔவையார் என்றால் ‘அறம் செய விரும்பு, ஆறுவது சினம்’. சரி, கோபம் ஆற வேண்டியதுதான். ஆனால் சங்க காலத்தில் அதே பெயரில் இன்னோர் ஔவையார் இருந்தார். குறுந்தொகை 28இல் அவருடைய தலைவி, “முட்டுவேன்கொல், தாக்குவேன்கொல்” என்று கேட்கிறாள். முட்டிக்கொள்ளவா, எதையாவது தாக்கவா, ஓவென்று கூவவா? என் நோய் தெரியாமல் இந்த ஊர் தூங்குகிறதே என்கிறாள். நோட்டில் ஏறக்குறைய இதையேதான் உங்கள் மகளும் எழுதியிருக்கிறாள், இரவு இரண்டு மணிக்கு, ஊர் தூங்கும்போது. நல்வழி சொல்லும் ஔவை பிள்ளைக்கு வேண்டும்தான். இப்போதைக்கு அவளுக்குத் தேவை இந்த இன்னொரு ஔவை. தன் துயரத்தை வேறொருவர் முன்பே சொல்லியிருக்கிறார் என்று தெரிவதே ஒரு துணை.

பிறருடைய வலி நமக்குப் புரிகிற இடத்தில்தான் அறமும் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். காதலனைப் பிரிந்த ஒரு பெண்ணின் தவிப்பை இரண்டாயிரம் ஆண்டு தள்ளி நின்று உணர முடிந்த பிள்ளைக்கு, பக்கத்து மேசையில் அழும் தோழியைத் தெரியாமல் போகாது. நன்னெறிப் பாடத்தில் பரிவின் விளக்கத்தை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வரும். பரிவு வர இன்னொருவர் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும். பாட்டு அதற்கு ஒரு வாசல்.

பட்டியல் கேட்டீர்கள். பத்துப் பாடல் தர மாட்டேன். தந்தால் நீங்கள் அட்டவணை போட்டுவிடுவீர்கள். மேலே சொன்ன இரண்டு சங்கப் பாடல்கள் போதும். உங்களுக்குப் பகல் ஷிப்ட் இருக்கும் வாரத்தில் ஒரு நாள், சாப்பிட்ட பிறகு, முதலில் நீங்கள் ஒன்றைப் படியுங்கள். உங்கள் அம்மாவை நினைத்துப் படியுங்கள். அவர் உங்களுக்கும் அம்மா அல்லவா? ஆறு பக்கக் கடிதத்தில் உங்கள் துக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, ஐயா. மகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை. பேசினால், “இந்தப் பாட்டில் உனக்கு எது பொய்யாகப் படுகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். குறளோடும் வாதாடலாம் என்று தெரிந்தால் அவளே நாளைக்குக் குறளைத் தேடி வரக்கூடும்.

போலீஸ், பதிவு பற்றிய பயம்

நீங்கள் கேள்விப்பட்டது பழைய சட்டம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி தேடி வருகிற பிள்ளையை யாரும் போலீசில் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். அவளுக்கு இருப்பது கவலை மட்டும் என்றால் அந்தச் சட்டம் பழைய காலத்திலும் பொருந்தியிருக்காது, அது முயற்சிக்குத்தான்.

இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருப்பார். அவள் சொல்வதை அவர் மற்ற ஆசிரியர்களிடம் பரப்பக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உங்களிடமும் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். இந்த விதிவிலக்கை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளி வேண்டாம் என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். அங்கே பார்த்துத் தேவையென்றால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். போனவுடன் மாத்திரை எழுதிவிடுவார்கள் என்றும் இல்லை. தனியார் ஆலோசகரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று இருக்கும் (பதிவு பெற்ற ஆலோசகர், தொழில் செய்யச் சான்று பெற்றவர் என்பதன் மலாய்ச் சுருக்கம்).

கவிதையை மட்டும் நம்பி இந்தப் படியைத் தள்ளிப் போடாதீர்கள். பாட்டு படித்தால் போதுமே, டாக்டர் எதற்கு என்று ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். காய்ச்சலுக்கு ரசம் நல்லதுதான். டெங்கியா என்று ரத்தம் பார்க்காமல் ரசம் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்போமா?

நோட்டுப் புத்தகம்

இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். மெத்தைக்கு அடியில் நைசாக வைத்துவிட்டுத் தெரியாததுபோல் இருக்காதீர்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கையில் கொடுத்து, “உன்னைக் கேட்காமல் படிச்சிட்டேன், தப்புதான். பயந்துட்டேன்” என்று சொல்லுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. அவள் கோபப்படுவாள், அழுவாள், கதவை அறைவாள். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள். அந்தக் கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டோடு நில்லுங்கள். கடைசிப் பக்கத்தைப் பற்றிய கேள்வியை மட்டும் அந்த இரண்டு நாளுக்காகத் தள்ளி வைக்காதீர்கள். நோட்டைக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. கவிதைகளில் சந்திப்பிழையும் ற, ர குழப்பமும் நிறைய இருக்கின்றன, சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். படித்துச் சிரித்துவிட்டேன். வேண்டாம், ஐயா. என்றைக்காவது அவளாக நோட்டை நீட்டி, “அப்பா, இது சரியா பாருங்க” என்றால் அப்போது திருத்துங்கள். அன்றைக்கும் பென்சிலில்.